விருத்தகிரி எழுதிய காரணம்

தீயணைப்பு வேலைக்குப் போவதற்கு முன்னால் விருத்தகிரி ஆறு வருஷம் விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் சூளைக்கு வண்டி தள்ளினார். காய்ந்த ஜாடியும் பொம்மையும் கரண்டு பீஸ் கட்டையும் அடுக்கின வண்டியை ஒரு பக்கம் உள்ளே தள்ளினால் இன்னொரு பக்கம் வெந்து வெளியே வரும். அதே கம்பெனியில், வெந்து வந்த பீஸ் கட்டைகளுக்குப் பித்தளைத் தகடு வைத்துத் திருகாணி முடுக்குகிற அறையில் அன்பரசி இருந்தாள். கல்யாணம் ஆனபோது அவருக்கு இருபத்தாறு வயசு. அடுத்த வருஷமே அவருக்கு அரசாங்க வேலை கிடைத்துத் தீயணைப்பாளராகப் போனார். அன்பரசி அந்தத் திருகாணி அறையை விடவில்லை. இன்னமும் அங்கேதான் இருக்கிறாள்.

விருத்தகிரி ஆள் பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. எரிகிற கூரைக்குள் யோசிக்காமல் நுழைவார், ஆனால் தெரு நாய் ஒன்று குரைத்தால் நாலு அடி பின்னால் நகர்ந்துவிடுவார். கூட வேலை செய்கிறவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வேலையில் அவருக்குப் பிடிக்காத ஒரே விஷயம் எழுதுவது. ஒவ்வொரு தீக்கும் ஒரு அறிக்கை எழுத வேண்டும். எத்தனை மணிக்குத் தகவல் வந்தது, எத்தனை மணிக்கு வண்டி கிளம்பியது, என்ன நஷ்டம். அதுக்கெல்லாம் கீழே 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். விருத்தகிரி ரொம்ப வருஷம் அந்தக் கட்டத்தில் 'மின்கசிவு' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஐந்து எழுத்தில் முடிந்துவிடும். யாரும் மறுபேச்சுக் கேட்டதில்லை.

அதைக் கேட்ட முதல் ஆள் மங்கலம்பேட்டையில் செருப்புக் கடை வைத்திருந்த ஒரு பாய்.

அந்தக் கடைவீதியில் ஒரு துணிக்கடை எரிந்து, விருத்தகிரி வழக்கம்போல எழுதிக் கொடுத்திருந்தார். சரியாகப் பதினோரு மாசம் கழித்து, அதே வரிசையில் மூன்று கடை தள்ளி இருந்த பாயின் கடை எரிந்தது. மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர், அதைச் சுற்றி அட்டைப்பெட்டிகள். பெட்டிகளை வெறும் கையால் இழுத்துப் போட்டதில் பாய்க்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் போய் விசாரித்தபோது, கட்டுப் போட்ட கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு அவர்தான் கேட்டார்.

"போன வருஷம் அந்தத் துணிக்கடை எதனால எரிஞ்சுதுன்னு தெரிஞ்சுதாங்க?"

"கரண்டுதாங்க பாய்."

"கரண்டுன்னா எதுலங்க? அவங்க கடைக்கு இன்வெர்ட்டரு மாட்டுன அதே ஆளுதான் எங்க கடைக்கும் மாட்டுனாரு. அவங்களும் படிக்கட்டுக்குக் கீழதான் வச்சிருந்தாங்க. அதுலதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் அட்டைப்பெட்டியயாவது அந்தாண்ட நகர்த்தியிருப்பேன்."

குரலில் கோபமே இல்லை. வந்த ஆளுக்கு டீ குடுக்கச் சொல்லி வீட்டம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்த டீயை விருத்தகிரி குடித்தார்.

வீட்டுக்கு வந்து அன்பரசியிடம் சொன்னார். அவள் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு போட்டுவிட்டு, "இனிமே பாத்துட்டு எழுதுங்க" என்றாள்.

அன்றிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். ஒரு டார்ச், ஒரு டேப்பு, பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று, ஒரு நோட்டு. தீ அணைந்து மற்றவர்கள் ஹோஸைச் சுருட்டுகிற நேரத்தில் இவர் சாம்பலுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். எந்த மரம் அதிகமாக எரிந்திருக்கிறது, சுவரில் கரி எந்தப் பக்கம் சாய்ந்து ஏறியிருக்கிறது, எது முதலில் விழுந்தது, எது அதன்மேல் விழுந்தது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வார். தெரியாததை ஆட்களிடம் கேட்பார். கரண்டு சம்பந்தமான விஷயம் என்றால் கேட்பதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தது.

"எல்லாம் எரிஞ்சாலும் பீஸ் கட்டை எரியாது. ஏற்கெனவே சூளையில வெந்ததுதான அது?" என்று அன்பரசி சொல்வாள். "அத மொதல்ல தேடுங்க. அதுக்குள்ள என்ன கம்பி இருக்குதுன்னு பாருங்க."

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மே மாசத்தில் ஒரு நாள், பகல் பதினொன்றே முக்கால் மணிக்குக் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து போன் வந்தது. வண்டி போய்ச் சேர்வதற்குள் வரிசையாக மூன்று கூரை வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. நாலாவது வீட்டுக்குத் தாண்டாமல் பிடித்து, முழுக்க அணைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆள் சேதம் இல்லை. ஆனால் மூன்று குடும்பத்துக்கும் உடுத்தியிருந்த துணிதான் மிச்சம்.

தீ முதலில் பிடித்தது நடுவில் இருந்த மாணிக்கவேல் வீட்டில். மாணிக்கவேல் ஆடு மேய்க்கிறவர், மனைவி இல்லை. மகன் நந்தகுமார் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. வீட்டில் இருந்தது அவரும் மருமகள் துர்காவும்தான். துர்கா தையல் மிஷின் வைத்து ஊராருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள்.

"அடுப்ப எரியவுட்டுட்டுக் கடைக்குப் போயிட்டா சார் அந்தப் பொண்ணு" என்று கூட்டத்தில் நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து சொன்னார்கள். கிழக்குப் பக்கத்து வீட்டுக்காரி பாஞ்சாலை, வீடு போன துக்கத்தில் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள். அவளும் துர்கா பெயரைத்தான் சொன்னாள்.

வேப்ப மரத்தடியில் துர்கா உட்கார்ந்திருந்தாள். கடையில் வாங்கிய சிவப்பு நூல்கண்டு இன்னும் கையில் இருந்தது. மடியில் கிடந்த செல்போனில் புருஷனின் சத்தம் தூரத்துக்கும் கேட்டது. "புத்தி எங்கடி போச்சு உனக்கு?" என்று அவன் கத்திக்கொண்டே இருந்தான். இவள் எடுத்துப் பேசவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

விருத்தகிரி அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"தண்ணி குடிச்சியாம்மா?"

"நான்தான் சார் எரிச்சிட்டேன். எழுதிக்கங்க" என்றாள்.

"எரிஞ்சத நீ பாத்தியா?"

"பாக்கல சார். நூலு தீர்ந்துபோச்சுன்னு கடைக்குப் போனேன். திரும்பி வரக்குள்ள புகையா இருந்துச்சு. அடுப்ப அணைச்சனா இல்லையான்னு எனக்கே ஞாபகம் வரல. எல்லாரும் சொல்றாங்களே, அப்ப அணைக்காமத்தான் போயிருப்பேன்."

"எனக்கும் தெரியாதும்மா. உள்ள போயிப் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் ஒண்ணும் எழுத மாட்டேன்."

நிலைய அலுவலர் ஆனந்தராஜ் வயதில் சின்னவர். விருத்தகிரியின் பழக்கம் தெரியும். "சாயங்காலத்துக்குள்ள வந்துடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியோடு கிளம்பினார்.

முதலில் அடுப்படியைப் பார்த்தார். கேஸ் அடுப்பின் திருகு பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது, ஆனால் உள்ளே இருக்கிற பித்தளைத் தண்டு அப்படியே இருந்தது. பிரஷ்ஷால் சாம்பலைத் தட்டிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு தண்டும் மூடின நிலையில் நின்றன. அடுப்பின்மேல் பாத்திரம் ஏதும் இல்லை. சோற்றுப் பானை கீழே, கஞ்சி வடிக்கிறதுக்குச் சாய்த்து வைத்தபடியே இருந்தது. அடியில் இருந்த சட்டியில் வடிந்த கஞ்சி தீயில் காய்ந்து பழுப்பு அப்பளம் மாதிரி ஒட்டிக் கிடந்தது. சோறு வெந்து, வடித்து, அடுப்பை மூடிவிட்டுத்தான் அந்தப் பெண் வெளியே போயிருக்கிறாள்.

விருத்தகிரிக்கு உடனே வெளியே போய்ச் சொல்லிவிடலாம் என்று மனசு துடித்தது. ஆனால் பாதி பார்த்துவிட்டுச் சொன்னால் அது இன்னொரு 'மின்கசிவு' ஆகிவிடும்.

அடுப்படிப் பக்கத்து மூங்கில்கள் கரிந்தும் நின்றுகொண்டிருந்தன. வாசல் பக்கத்து மூங்கில்கள் முழங்கால் உயரத்துக்குத் தேய்ந்து போயிருந்தன. அந்தப் பக்கம் கூரையிலிருந்து விழுந்த ஒயரில், ஒட்டுப்போட்ட இடத்தில் செம்பு உருகிக் கடுகு மாதிரி உருண்டு நின்றது. அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே போனால் அது வீட்டுக்குப் பின்னால் இருந்த தண்ணி மோட்டாரில் போய் முடிந்தது. மோட்டாரைக் கையால் சுற்றிப் பார்த்தார். இறுகிக் கிடந்தது, அசையவே இல்லை. சுவிட்சு போட்டால் ஓடாமல் வெறுமனே உறுமிக்கொண்டு கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும்.

வாசல் சுவருக்குக் கீழே, நனைந்த சாம்பலுக்குள் பீஸ் கட்டை கிடைத்தது. திறந்து பார்த்தார். உள்ளே இருந்தது பீஸ் கம்பி இல்லை. கேபிள் ஒயரை உரித்து எடுத்த செம்பு இழைகள், நாலு இழை சேர்த்து முறுக்கினது. ஒரு இழைகூட அறுந்திருக்கவில்லை.

மாணிக்கவேல் தெருவோரத்தில் ஆடுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியவரே, பீஸ் கட்டையில கம்பி யாரு போட்டது?"

"நான்தான் சார். பத்து நாளாச்சு. மோட்டாரு போட்டாலே பீஸு போயிடும். போனா அந்தப் புள்ளைக்குத் தையல் மிஷினும் நின்னுடும். அப்புறம் தெருக்கோடி பைப்புக்குக் கொடத்த எடுத்துக்கிட்டு ஓடும். முதுகு வலி வேற அதுக்கு. நம்மளால பாக்க முடியல சார். அதான் ஒயர உரிச்சு நாலு இழையா முறுக்கிப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "அதுக்கப்புறம் ஒரு தடவை கூட பீஸு போவல" என்றார்.

"இன்னிக்கு மோட்டாரு போட்டீங்களா?"

"தொட்டி ரொம்பட்டும்னு போட்டுட்டுத்தான் ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போனேன்."

விருத்தகிரி நோட்டை மூடிவிட்டார்.

ஆனந்தராஜிடம் சொல்லி, பீஸ் கட்டையைக் காகித உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் மாதாந்திர மின்தடை, அதனால் அன்பரசிக்கு வேலை இல்லை. காலை டீயோடு அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்ம ஊரு கட்டைதான். பத்து ஆம்பியருன்னு மேலயே போட்டிருக்குது. யாரு படிக்கிறாங்க?" என்று கோபப்பட்டாள். பிறகு அந்த நாலு இழையை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எவ்வளவு அழகா முறுக்கியிருக்காரு பாருங்க. பொறுமையான மனுசன் போலருக்குது."

நடந்ததையெல்லாம் அவர் சொன்னார். "அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லன்னு சொல்லணும். சொன்னா அது அப்படியே அந்தப் பெரியவரு தலையில போயி வுழுது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல அன்பு."

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லித்தான் ஆவணும். நான் வரேன். கட்டையப் பத்தி நான் சொல்றேன்."

வீடு எரிந்த மூன்று குடும்பத்தையும் சமுதாயக் கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். துர்காவும் மாமனாரும் ஒரு மூலையில் இருந்தார்கள். யாரோ கொண்டுவந்து வைத்த இட்லி தொடாமல் ஆறிப்போயிருந்தது. மற்றவர்கள் அவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள்.

விருத்தகிரி அவளுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். "அடுப்பு அணைஞ்சிருந்துச்சும்மா. ரெண்டு திருகும் மூடியிருந்துச்சு. சோத்த வடிச்சு வச்சிட்டுத்தான் நீ போயிருக்க."

துர்கா அவரையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

சொன்னார். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, நேற்றிலிருந்து வராத அழுகையை அப்போதுதான் அழுதாள். அன்பரசி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"அப்ப எதுலருந்து சார் புடிச்சுது?" என்று மாணிக்கவேல் கேட்டார்.

அன்பரசி அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து, உறையிலிருந்து பீஸ் கட்டையை எடுத்து வைத்தாள். "ஐயா, நான் இதே கட்டை செய்யிற கம்பெனியிலதான் வேலை செய்யிறேன். இதுக்குள்ள போடுற கம்பி மெல்லிசா இருக்கும். கரண்டு அதிகமா வந்தா அது மொதல்ல எரிஞ்சு அறுந்துடும். அறுந்தாத்தான் வூடு தப்பிக்கும். உங்க மோட்டாரு கொஞ்சங்கொஞ்சமா இறுகிக்கிட்டே வந்து நெறைய கரண்டு இழுத்திருக்குது. அதனாலதான் அடிக்கடி பீஸு போயிருக்குது. நீங்க போட்ட கம்பி தடிமன், அது அறுவல. அது அறுவாததால கூரையில இருந்த ஒயரு சூடாயி..."

முடிக்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவர் கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ராத்திரி முழுக்க நீதான்னு சொல்லிக்கிட்டிருந்தாங்களேம்மா. நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேனே" என்று மருமகளிடம் சொன்னார்.

"உங்களுக்கு மட்டும் என்ன தெரியும் மாமா? எனக்காகத்தான போட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டு துர்கா விருத்தகிரி பக்கம் திரும்பினாள். "சார், மாமா பேர எழுதாதீங்க. அடுப்புன்னே இருக்கட்டும். என்னத் திட்டுனா திட்டிட்டுப் போறாங்க. நான் அணைச்சேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு, அது போதும் சார்."

விருத்தகிரிக்கு அந்தச் செருப்புக் கடை பாய் ஞாபகம் வந்தார்.

"பேரு எழுதவேண்டியதில்லம்மா. என்ன கம்பி, எந்த எடம், அது மட்டும்தான் எழுதுவேன். ஆனா அடுப்புன்னு எழுதினா, இந்தத் தெருவுல எல்லாரும் அடுப்ப மட்டும்தான் பாத்துக்கிட்டு இருப்பாங்க. கட்டையத் தொறந்து பாக்க மாட்டாங்க. அடுத்த மே மாசம் நான் திரும்ப இங்க வரவேண்டியிருக்கும். அன்னிக்கு யாராவது உள்ள படுத்துத் தூங்கிக்கிட்டிருந்தா?"

மாணிக்கவேல் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்தின் நடுவுக்குப் போனார். துர்கா "மாமா, மாமா" என்று கூப்பிட்டதை அவர் காதில் வாங்கவில்லை.

"எம் மருமவ அடுப்ப அணைச்சிட்டுத்தான் போயிருக்குது. பீஸ் கட்டையில நான் தடிமனா கம்பி போட்டேன். அதுல வந்த தீ இது. கேக்குறத எங்கிட்ட கேளுங்க, அந்தப் புள்ளைய வுட்டுடுங்க."

மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மாணிக்கவேலிடம் ரொம்ப நாள் பேசாமல்தான் இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் பாஞ்சாலை, நேற்று மண்ணை வாரித் தூற்றினவள், மெதுவாக எழுந்து வந்து அன்பரசி எடுத்து வைத்த கட்டையைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுலயும் இந்த மாதிரிதான் போட்டு வச்சிருந்தாரு எங்கூட்டுக்காரரு" என்றாள். "எங்கண்ணன் வூடு தெருக்கோடியில இருக்குது. அங்க என்ன போட்டிருக்குதுன்னு தெரியல. கொஞ்சம் வந்து பாருங்கம்மா."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லைன்மேன் ஒருவரை வரவழைத்துக்கொண்டு, விருத்தகிரியும் அன்பரசியும் அந்தத் தெரு முழுக்கப் போனார்கள். ஐம்பத்து நாலு வீட்டில் முப்பத்தொரு வீட்டில் கட்டைக்குள் தப்பான கம்பி. ஒரு வீட்டில் ஊக்கு. ஒரு வீட்டில் கட்டட வேலையில் கட்டுகிற கம்பி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அளவுக் கம்பி போட்டார்கள். மாணிக்கவேல் ஒவ்வொரு வாசலிலும் முதலில் போய் நின்று, "நான் போட்டதப் பாத்தீங்கல்ல, தொறந்து காட்டுங்க" என்று சொன்னார். நாய் இருக்கிற வீட்டுக்கெல்லாம் விருத்தகிரிக்கு முன்னால் அவரே போனார்.

நந்தகுமார் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். துர்காவிடம் மன்னிப்புக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்கோடி பைப்புக்குப் போய், சமுதாயக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்தான். சாயங்காலம் துர்கா அவனைப் பார்த்து, "போதும், உக்காருங்க" என்றாள். பிறகுதான் உட்கார்ந்தான்.

அறிக்கையில் 'காரணம்' என்ற கட்டம் போதவில்லை. 'தனித்தாள் இணைக்கப்பட்டுள்ளது' என்று எழுதி, இரண்டரைப் பக்கம் வைத்தார். அதையே அரைப் பக்கமாகச் சுருக்கிக் கையால் எழுதி, ரேஷன் கடையிலும் ஊராட்சி அலுவலகத்திலும் ஒட்டச் சொன்னார். ஆனந்தராஜ் அதைப் படித்துவிட்டுப் போனில் படம் எடுத்துத் தெரிந்த நிலையங்களுக்கெல்லாம் அனுப்பினார். கம்மாபுரம் பக்கத்திலிருந்து ஒரு வாத்தியார் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

தை மாசத்தில் மாணிக்கவேலுக்குத் தகரம் போட்ட புது வீடு ஆயிற்று. மோட்டாரைச் சரிபண்ணியிருந்தார்கள். ஒரு மத்தியானம் விருத்தகிரியும் அன்பரசியும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அவரிடமிருந்து போன் வந்தது.

"சார், பீஸு போயிடுச்சு சார்!" குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "துர்கா இஸ்திரிப் பொட்டியும் மோட்டாரும் ஒண்ணா போட்டுது. டப்புனு போயிடுச்சு. ஒயரத் தொட்டுப் பாத்தேன், சூடே இல்ல சார்!"

பின்னாலிருந்து துர்கா, "சாப்புடுற நேரத்துல இதுக்குப் போயி யாராவது போன் பண்ணுவாங்களா மாமா?" என்று சிரிக்கிற சத்தம் கேட்டது.

விருத்தகிரி போனைக் காதிலிருந்து எடுத்து அன்பரசியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "மெயினை அணைச்சிட்டு அதே மெல்லிசு கம்பிய ஒத்தையா போடச் சொல்லுங்க" என்றாள். "அப்படியே எனக்கு ரெண்டு ஜாக்கெட் தைக்கணும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க."